இகோகு மெய்ரோ நோ க்ருவாசே: அந்தக் கிமோனோவை க்ளோட் விற்றது சரியா?

மழைமேகம் எழுதியது:

நேற்று ராத்திரி பன்னிரண்டு எபிசோடும் பார்த்து முடித்தேன். 2011இல் வந்த ஜப்பானிய அனிமே தொடர், நான் இவ்வளவு நாள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, பாரிஸ். கண்ணாடிக்கூரை போட்ட ஒரு பழைய கடைத்தெருவில் க்ளோட் என்ற இளைஞன் இரும்புப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். ஊர் சுற்றும் தாத்தா ஒஸ்கார் ஒருநாள் நாகசாகியிலிருந்து யூனே என்ற சிறுமியோடு வந்து இறங்குகிறார். கடையில் கூடமாட வேலை செய்யப்போகிறாள் என்கிறார். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, மர்மம் இல்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, மழை, கூரைமேல் பூனை, இப்படியே போகிறது.

ஆனால் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. யூனே வந்த புதிதில் ஒரு பலகை அவளால் உடைந்துவிடுகிறது. அதற்கு ஈடாக அவள் அம்மாவின் கிமோனோவை எடுத்து க்ளோடிடம் கொடுக்கிறாள். அவனும் வாங்கி விற்றுவிடுகிறான். பிற்பாடுதான் அது அவளுக்கு என்ன பொருள் என்று அவனுக்கு உறைக்கிறது. எப்படியாவது மீட்டுத் தருகிறேன் என்கிறான்.

என் கட்சி இதுதான்: க்ளோட் செய்தது தப்பே இல்லை. அவள் கொடுத்தது நஷ்டஈடு. நஷ்டஈடாக வந்ததை அவன் நஷ்டஈடாகவே எடுத்துக்கொண்டான். கொடுத்தவள் வாயைத் திறந்து 'இது எனக்கு முக்கியம்' என்று சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(கடைசி எபிசோடுகளில் யூனேயின் அக்கா பற்றி வருவதை இங்கே உடைக்க வேண்டாம், ப்ளீஸ்.)

தையல்கூடை எழுதியது:

நான் துணி பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் கிமோனோ என்பதை நாம் 'ஒரு உடுப்பு' என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சியின் கனம் பாதிதான் தெரியும்.

கிமோனோ ஒரே சுருள் துணியிலிருந்து வருவது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், அகலம் ஒரு முழத்தைவிடக் குறைவு. உடம்பின் வளைவுக்கு ஏற்ப வெட்டுவதே இல்லை, எல்லாம் நேர்கோடு. அதனால் தையலைப் பிரித்தால் மறுபடி நீளநீளமான பட்டைகளாகிவிடும். அந்தக் காலத்தில் அப்படித்தான் பிரித்து, துவைத்து, கஞ்சி போட்டு, இழுத்துக் காயவைத்து, திரும்பத் தைப்பார்கள். அம்மாவுடையதை மகளின் அளவுக்கு மாற்ற இடுப்பிலும் தோளிலும் உள்ளே மடித்துத் தைத்தால் போதும், அவள் வளர வளர மடிப்பை விட்டுக்கொடுக்கலாம். என் பாட்டி எனக்குப் பாவாடை தைக்கும்போது அடியில் இரண்டு டக் பிடித்து வைப்பார், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்போம். அதே கணக்கு. அதாவது அந்தக் கிமோனோ யூனேயின் வருங்காலத்துக்கும் சேர்த்து மடித்து வைக்கப்பட்ட துணி. அதைத்தான் உடைந்த பலகைக்குப் பதிலாகத் தூக்கிக் கொடுக்கிறாள்.

இன்னொன்று. அன்றைய பாரிஸில் கிமோனோ வாங்கிய பெண்கள் அதை வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் தொளதொள அங்கியாக உடுத்தினார்கள். சிலர் அந்தப் பட்டுத்துணியை வெட்டி கவுன்கூடத் தைத்துக்கொண்டார்கள். ஒருமுறை கத்தரி போட்டுவிட்டால் அப்புறம் அது திரும்பாது. அது ஆலிஸ் ப்ளான்ஷ் என்ற பணக்கார வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்த பயமே அதுதான், ஐயோ வெட்டியிருப்பாளோ என்று.

க்ளோட் தப்பு செய்தானா என்றால், ஆமாம், செய்தான். வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரவு ரயில் எழுதியது:

எனக்குத் தொடரே கொஞ்சம் நெருடுகிறது, சொல்லிவிடுகிறேன். யூனே கோபப்படுவதே இல்லை. திட்டினால் தலை குனிகிறாள், பொருளைத் தொலைத்தால் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறாள், விடிவதற்கு முன் எழுந்து வேலை செய்கிறாள். க்ளோட் அவளைப் பார்த்துப் பார்த்து மெல்ல இளகுகிறான். கிழக்கிலிருந்து ஒரு பொறுமைசாலிக் குழந்தை வந்து மேற்கத்திய முரடனைத் திருத்துகிறது, அதை எழுதியதும் வரைந்ததும் ஜப்பானியர்களே. 'பாருங்கள், நாங்கள் எவ்வளவு பண்பானவர்கள்' என்று தங்களுக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. நட்பு என்றால் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ள வேண்டாமா? இங்கே ஒரு பக்கம் முட்டுகிறது, மறுபக்கம் வழிவிடுகிறது.

பட்டறைக்காரன் எழுதியது:

நான் கிரில், கேட் செய்கிறவன். இந்தத் தொடரைப் பார்த்ததே என் தங்கை, 'அண்ணா, உன் வேலை மாதிரியே ஒருத்தன் செய்றான்' என்று காட்டியதால்தான்.

எல்லோரும் கிமோனோவைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்தப் பலகையைப் பற்றி யாருமே பேசவில்லை. கையால் அடித்துச் செய்கிற பலகையில் ஒரு சுருள் எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். பட்டை இரும்பின் நுனியை உலையில் வைத்து, நல்ல ஆரஞ்சு நிறம் வந்ததும் வெளியே எடுத்து, முதலில் நுனியை மட்டும் தட்டி மெலிதாக்க வேண்டும். அப்புறம் பட்டடைக்கல்லின் ஓரத்தில் வைத்துச் சின்னதாக ஒரு மடி. மறுபடி உலை. மறுபடி தட்டு. மங்கல் சிவப்புக்கு இறங்கிவிட்டால் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் அடித்தால் சுருள் கோணும், சில சமயம் விரிசலே விடும். ஒரு பலகைக்கு அப்படி இருபது முப்பது சுருள், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல வர வேண்டும். நான் இப்போது மிஷினில் வளைத்து வெல்டிங் பிடிக்கிறேன், ஆனால் அப்பா காலத்தில் கையில்தான். அப்பா செய்த ஒரு ஜன்னல் கம்பியை வீடு இடிக்கும்போது லாரியில் தூக்கிப் போட்டு வளைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அதனால் க்ளோட் கத்தியது எனக்குப் புரிகிறது. அவன் அந்தக் குழந்தையைப் பார்த்துக் கத்தவில்லை, கெட்டுப்போன வேலையைப் பார்த்துக் கத்துகிறான். ஆனால் குழந்தைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? பயந்துபோய்க் கையில் இருந்ததிலேயே பெரிய பொருளை எடுத்து நீட்டிவிட்டது. இரண்டு பேரும் தங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை அந்த ஒரே நாளில் இழந்துவிட்டார்கள், அதுதான் எனக்குப் பட்டது.

மழைமேகம் எழுதியது:

பட்டறைக்காரன் அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். பலகையை நான் கவனிக்கவே இல்லை என்பது உண்மை.

இரவு ரயில், யூனே வழிவிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொடர் அதைப் பாராட்டுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் விழுங்குவது க்ளோடுக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. பிடிக்காத சாப்பாட்டைப் பிடித்த மாதிரி சாப்பிட்டால் அவன் சந்தோஷப்படுவதில்லை. அவள் 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவன் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய வரைபடம் எழுதியது:

ஆலிஸ் பற்றிக் கொஞ்சம். பணக்கார வீட்டுப் பெண், ஜப்பான் என்றாலே உயிரை விடுகிறாள், யூனேயைப் பார்த்ததும் பொம்மைபோலத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் துடிக்கிறாள். இது கற்பனையான பைத்தியம் இல்லை, அன்றைய பாரிஸில் நிஜமாகவே இருந்தது.

1853இல் அமெரிக்கக் கப்பல்கள் ஜப்பான் கரைக்கு வந்து நின்றன, 1858இல் பிரான்ஸோடும் வணிக ஒப்பந்தம். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜப்பான் முதல்முறையாகக் கலந்துகொண்டது. நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசு ஒரு பக்கம், சத்சுமா பிரபுவின் ஆட்கள் தனியாக இன்னொரு பக்கம். உள்நாட்டில் அடுத்த வருடம் வெடிக்கப்போகிற பிளவு பாரிஸ் வரை வந்து தெரிந்தது. அங்கே ஒரு ஜப்பானியத் தேநீர் வீடு கட்டி, மூன்று பெண்களை உட்கார வைத்திருந்தார்கள். கூட்டம் அலைமோதியது. அந்தப் பெண்கள் தேநீர் ஊற்றுவதையும் புகைபிடிப்பதையும் பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள். யூனே கடைத்தெருவில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்த மூவரும்தான் நினைவுக்கு வந்தார்கள். இங்கே வந்து நின்றது பற்றி அவர்கள் ஊருக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் விசிறி, அச்சு ஓவியம், அரக்குப் பெட்டி, கிமோனோ எல்லாம் மோகமாகிவிட்டது. 1872இல் ஃபிலிப் பூர்தி என்ற விமர்சகர் இதற்கு 'ஜப்பொனிஸ்ம்' என்று பெயரே வைத்தார். 1876இல் மோனே தன் மனைவி கமீலுக்குச் சிவப்புக் கிமோனோ உடுத்தி, தலையில் பொன்னிறப் பொய்முடி வைத்து, சுவர் முழுக்க விசிறி மாட்டி வரைந்தார். கமீலின் இயல்பான கூந்தல் கருமையானது. உடுத்தியிருப்பவள் ஐரோப்பியப் பெண் என்பது பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பொய்முடி. இந்தப் படம் இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2015இல் அதன் முன்னால் பார்வையாளர்கள் அதே மாதிரிக் கிமோனோ போட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் உடுத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இரவு ரயில் கேட்ட கேள்வி 140 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

இரவு ரயில் எழுதியது:

இது நல்ல தகவல், நன்றி. அப்படிப் பார்த்தால் ஆலிஸ் பாத்திரம் எனக்கு இப்போது கூடுதலாகப் பிடிக்கிறது. அவள் யூனேயைச் சேகரிப்புப் பொருளாகத்தான் முதலில் பார்க்கிறாள், ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஜப்பானைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைத்தது ஒவ்வொன்றாகச் சரியும்போது அவளுக்கு அவமானமாக இல்லை, சந்தோஷமாக இருக்கிறது. க்ளோட் கேட்காமல் விட்டதை எல்லாம் இவள் கேட்டுவிடுகிறாள். கிமோனோவை அவள் வாங்கியதும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. வேறு யாராவது வாங்கியிருந்தால் அது எந்த அலமாரியில் போய்ச் சேர்ந்திருக்குமோ.

ஆனாலும் என் குறை அப்படியே இருக்கிறது. யூனே ஒருமுறையாவது கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

கடல்கிளி எழுதியது:

இடையில் புகுந்து ஒரு கேள்வி. அந்தக் கடைத்தெரு நிஜமா? அப்புறம் க்ளோடுக்குப் பேரங்காடி என்றாலே ஏன் அப்படி முகம் மாறுகிறது? அப்பா விஷயம் தெரியும், அதைத் தவிர.

பழைய வரைபடம் எழுதியது:

தொடரில் வருகிற கலேரி டு ருவா கற்பனை. ஆனால் அந்த மாதிரித் தெருக்கள் நிஜம். இரண்டு பெரிய தெருக்களுக்கு நடுவே கட்டிடங்களைத் துளைத்துப் போகிற சந்து, மேலே இரும்புச் சட்டமும் கண்ணாடியும், இருபுறமும் சின்னச் சின்னக் கடைகள். இவை வந்த காலத்தில் பாரிஸ் வீதிகளில் பெரும்பாலும் நடைபாதையே கிடையாது, சேறு, குதிரைச் சாணம், வண்டி. பாவாடை நனையாமல் நடந்து பொருள் வாங்க இந்தச் சந்துகள் வரமாக இருந்தன. பனோரமா சந்து 1800 வாக்கில் திறந்தது, எரிவாயு விளக்கு பாரிஸில் முதலில் எரிந்த இடங்களில் அதுவும் ஒன்று. கலேரி விவியென் 1820களில் கட்டியது. அதன் தரையில் ஃபக்கீனா என்ற இத்தாலியர் பதித்த மொசைக் இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேல் இருந்த இந்தச் சந்துகளில் இன்றைக்கு இருபது சொச்சம்தான் மிச்சம்.

அழிந்ததற்குக் காரணம் இரண்டு. 1853க்குப் பிறகு ஓஸ்மான் என்ற அதிகாரி நகரத்தையே கிழித்து அகலமான சாலைகள் போட்டார். நடைபாதை வந்துவிட்டது, சந்துக்குள் ஒதுங்க வேண்டிய தேவை போய்விட்டது. இரண்டாவது, பேரங்காடிகள். அரிஸ்டீட் பூசிகோ 1852இல் போன் மார்ஷேயில் பங்காளியாக நுழைந்து அதை வளர்த்தெடுத்தார். 1865இல் பிரெந்தாம், 1870இல் சமரித்தேன் என்ற கடைகள் வந்தன. ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு, பேரம் கிடையாது, வாங்காமலே சுற்றிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். இன்று நமக்கு இதெல்லாம் சாதாரணம். ஆனால் முகம் பார்த்து, அளவு கேட்டு, ஒரு பலகைக்கு மூன்று நாள் உழைக்கிற க்ளோட் மாதிரி ஆளுக்கு அது வயிற்றில் அடிக்கிற விஷயம்.

இதை யோசித்தபோது கிமோனோ பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதானோ என்று தோன்றியது. எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்ட ஆரம்பித்த ஊரில், சீட்டு ஒட்ட முடியாத ஒரு பொருளோடு ஒரு சிறுமி வந்து இறங்குகிறாள். விலைச்சீட்டை வெறுக்கிற க்ளோடே அதற்கு விலை வைத்துவிடுகிறான்.

கடல்கிளி எழுதியது:

நன்றி. இன்னும் ஒரு சந்தேகம், இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு சின்னப் பெண்ணைக் குடும்பம் அப்படி அந்நியரோடு கடல் தாண்டி அனுப்புமா? கதைக்காக வைத்ததுதானே?

நீலப்பென்சில் எழுதியது:

அனுப்பினார்கள். பாரிஸுக்கு அல்ல, அமெரிக்காவுக்கு. இந்தத் தொடரைவிட எனக்கு அந்தக் கதைதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

1871 டிசம்பரில் ஜப்பான் அரசின் இவாகுரா தூதுக்குழு யோகோஹாமாவிலிருந்து கிளம்பியபோது அதில் ஐந்து பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அரசே படிக்க அனுப்பியது. கடைக்குட்டி ட்சுடா உமேகோவுக்கு ஆறு வயது. ஆறு! வாஷிங்டன் பக்கத்தில் ஜார்ஜ்டவுனில் லான்மன் தம்பதி வீட்டில் வளர்ந்தாள். பிள்ளையில்லாத அவர்கள் அவளை மகளாகவே வைத்துக்கொண்டார்கள். 1882இல் ஊர் திரும்பியபோது பெற்ற தாயிடம் பேச அவளுக்கு ஜப்பானிய மொழி மறந்துபோயிருந்தது. தரையில் மண்டியிட்டு உட்காரத் தெரியாமல் கால் மரத்துப் போகும். பின்னால் 1900இல் பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். 2024இல் வந்த புதிய 5000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

அதே கப்பலில் போன இன்னொரு பெண் யமகவா சுதெமாட்சு, பதினோரு வயது. 1868 உள்நாட்டுப் போரில் ஐசு கோட்டை முற்றுகைக்குள் இருந்த குழந்தை அவள். கோட்டையில் விழுந்த குண்டுகளை ஈரத்துணி போட்டு அணைக்க ஓடிய பெண்களுக்கு நடுவே இருந்தவள். அமெரிக்காவில் நியூ ஹேவனில் பேக்கன் என்ற பாதிரியார் வீட்டில் தங்கினாள். அவருடைய கடைசி மகள் பெயர் ஆலிஸ்! சுதெமாட்சுவைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சகோதரிகள் மாதிரி வளர்ந்தார்கள். சுதெமாட்சு 1882இல் வாஸர் கல்லூரியில் பட்டம் வாங்கினாள், பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவள்தான். ஊர் திரும்பியதும் ஓயாமா இவாவோ என்ற தளபதியை மணந்தாள். அவர் யார் தெரியுமா, ஐசு கோட்டையின்மேல் பீரங்கி சுட்ட படையில் இருந்தவர்.

ஆலிஸ் விட்டுவிடவில்லை. 1888இல் ஜப்பானுக்கே வந்து பிரபுக்குலப் பெண்கள் படிக்கும் பள்ளியில் ஆசிரியையானாள். 1900இல் உமேகோ பள்ளி தொடங்கியபோது மறுபடி வந்து கூட நின்று பாடம் எடுத்தாள். சுதெமாட்சு வெளியே ஆதரவு திரட்டினாள். நியூ ஹேவனில் தொடங்கிய நட்பு டோக்கியோவில் ஒரு பள்ளியாக நின்றது.

இரவு ரயில், நீங்கள் கேட்ட 'முட்டல்' இங்கே நிறைய இருந்திருக்கும். சுதெமாட்சு ஊர் திரும்பிய பிறகு அவளைச் சொந்த ஊர்க்காரர்களே அந்நியளாகப் பார்த்தார்கள், ஜப்பானிய எழுத்து வாசிக்க அவள் திணறினாள். இகோகு மெய்ரோ என்றால் அந்நிய நாட்டின் புதிர்ப்பாதை. க்ருவாசே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் குறுக்குச்சந்தி என்றும் பொருள் உண்டு, ஜன்னல் என்றும் உண்டு. உமேகோவுக்கும் சுதெமாட்சுவுக்கும் திரும்பி வந்த பிறகு பிறந்த ஊரே இகோகு ஆகிவிட்டது. யூனே எப்போதாவது நாகசாகி திரும்பியிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று தொடர் சொல்லவில்லை. மூலப் படக்கதையான மாங்கா இரண்டு புத்தகத்தோடு நின்றுவிட்டது, அதை வரைந்த தகேதா ஹினாதா 2017இல் இறந்துவிட்டார். இனி யாரும் சொல்லப்போவதும் இல்லை.

தையல்கூடை எழுதியது:

நீலப்பென்சில், இதைப் படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டாவது ஆலிஸ் பற்றி இன்னும் எழுதுங்கள், தனி இழையாகவே போடுங்கள்.

மழைமேகம் எழுதியது:

முதல் பதிவில் நான் வீம்பாக எழுதியதை மாற்றிக்கொள்கிறேன், ஏன் என்றும் சொல்கிறேன்.

நான் இரண்டு வருடம் ஓசாகாவில் இருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். நான் குடிபோன முதல் வாரமே ஒரு தேநீர்க் கிண்ணம் கொடுத்தார். கரடுமுரடாக, ஒருபக்கம் கொஞ்சம் சாய்ந்து, கறுப்பும் பழுப்புமாக இருந்தது. எனக்கு அது குயவர் கைதவறிய பொருள் மாதிரிப் பட்டது. வாசல் பக்கம் வைத்து அதில் சில்லறைக் காசு போட்டுவந்தேன். அவர் வாடகை வாங்க வரும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். கஞ்சி எடுத்துவந்தவர் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, காசையெல்லாம் மேசைமேல் கொட்டி, கழுவி, துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். மெதுவாகச் சுற்றினார். இந்தப் பக்கம்தான் கிண்ணத்தின் முகம், குடிக்கும்போது முகத்தில் வாய் வைக்கக்கூடாது, கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றார். அது அவருடைய கணவர் செய்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

நான் 'ஏன் முதல் நாளே சொல்லவில்லை' என்றுதான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. அவர் சொன்னார், 'நீ கேட்பாய் என்று இருந்தேன்.' அதற்குப் பிறகுதான் நாங்கள் பேச ஆரம்பித்தோம், உண்மையாகப் பேச. நான் ரசம் வைத்துக் கொடுத்தால் காரம் என்று முகத்தைச் சுளித்துச் சொல்வார், முன்பெல்லாம் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் பாதியை வைத்துவிடுவார்.

யூனேயும் கேட்பான் என்றுதான் இருந்திருப்பாள். க்ளோட் கேட்டிருக்க வேண்டும், நானும்தான். தையல்கூடை சொன்னது சரி.

இரவு ரயில் எழுதியது:

சகோ, இந்த ரசம் விஷயம்தான் நான் தேடிய முட்டல். யூனே பாலாடைக்கட்டி சாப்பிடும் எபிசோடை இதை மனதில் வைத்து மறுபடி பார்க்கிறேன். 4.5 என்று ஒன்று டிஸ்கில் மட்டும் வந்ததாமே, அதை வரிசையிலேயே பார்க்கலாமா, கடைசியில் பார்க்க வேண்டுமா?

மழைமேகம் எழுதியது:

வரிசையிலேயே பாருங்கள், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில். அவசரப்பட்டு வேகமாக ஓட்டிவிடாதீர்கள்.